எதில் பட்டால் நொறுங்கும்?

போன மார்ச்சில் ஒரு ராத்திரி பத்தரை மணிக்குச் சித்தப்பா மகன் கூப்பிட்டான். பிட்ஸ்பர்க் பக்கத்தில் டவுன்ஹவுஸ் வாங்கிக் குடிபோய் எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. அதே வரிசையில் இரண்டு வீடு தள்ளி, பட்டப்பகலில் பின்கதவை உடைத்து எவனோ புகுந்திருக்கிறான். அன்றிலிருந்து வீட்டில் யாருக்கும் சரியான தூக்கம் இல்லை. அந்த வாரமே போய் ஒரு 9 மி.மீ. கைத்துப்பாக்கி வாங்கிவிட்டான்.

"அண்ணா, தூங்கிட்டீங்களா?"

"இல்ல கண்ணு, சொல்லு."

"கடைக்காரரு ஒரு டப்பா குடுத்தாருங்ண்ணா. இருபது தோட்டா. செவுத்துல பட்டா மாவாப் போயிருமாம். பாப்பா ரூமு பக்கத்துலயே இருக்கறதால இதுதான் சேஃப்டின்னாரு. போட்டு வெச்சுக்கலாமுங்களா?"

டப்பாவைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னேன். செம்பும் வெள்ளீயமும் சேர்ந்த 100 கிரெய்ன் எடையுள்ள குண்டு, பயிற்சிக்கானது. கீழே பெரிய எழுத்தில் 'ஃப்ராஞ்சிபிள்'. நொறுங்கக்கூடியது என்று அர்த்தம்.

"அதைத் துப்பாக்கியில போடாத. சனிக்கிழமை நான் வர்றேன்" என்றேன்.

அவனுக்கு அன்றைக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன். அமெரிக்காவில் வீடு வாங்கி, குழந்தை பிறந்து, முதல் தடவையாகத் துப்பாக்கி வாங்கும் நம் ஆட்கள் பலர் இதே கேள்வியை என்னிடம் கேட்டிருக்கிறார்கள். அதற்கு முன் ஒன்று. ஹெச்1பி மாதிரி விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதைக் கூட்டாட்சிச் சட்டம் பொதுவாகத் தடை செய்கிறது. வேட்டை உரிமம் போன்ற சில விதிவிலக்குகள் உண்டு. அதை ஒரு வக்கீலிடம் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே கடைப்பக்கம் போங்கள். தம்பிக்கு கிரீன் கார்டு வந்துவிட்டது.

எனக்கு இதில் என்ன தெரியும் என்றால், நான் பென்சில்வேனியாவின் எல்க் கவுன்டியில் வேலை செய்கிறேன். செயின்ட் மேரிஸ் என்ற சின்ன ஊர். ஒரு காலத்தில் கார்பன் தொழிற்சாலைகளுக்குப் பேர்போன இடம். பிறகு உலோகத் தூளை அழுத்திப் பாகங்கள் செய்யும் தொழில் வேர்விட்டது. கார் இன்ஜினுக்குள் இருக்கும் பல்சக்கரம், கியர், புஷ் எல்லாம் இந்தக் காட்டுப்பகுதியிலிருந்து போகின்றன. நொறுங்கும் குண்டு செய்வதில் பெயர்பெற்ற சின்டர்ஃபயர் நிறுவனம் இருக்கும் கெர்ஸியும் இதே கவுன்டிதான். ஊரே தூளும் அச்சும் உலையுமாக இருக்கும்போது, அந்தக் குண்டும் இங்கேயே பிறந்ததில் ஆச்சரியம் இல்லை.

ஆனால் எனக்கு இந்த உலோகத்தோடு பழக்கம் கோயமுத்தூர் கணபதியில், அப்பாவின் மோட்டார் ரிவைண்டிங் கடையில் ஆரம்பித்தது. மிக்ஸியோ டேபிள் ஃபேனோ 'கரகர' என்று வந்தால் பாதி நேரம் புஷ் தேய்ந்திருக்கும். அப்பா அதைத் தட்டிக் கழற்றி என் கையில் போடுவார். சுண்டுவிரல் நகத்தளவு வெண்கல வளையம். விரலால் அழுத்தித் தேய்த்தால் எண்ணெய் கசியும். உலோகத்துக்குள்ளிருந்து எண்ணெய் வருவது அந்த வயதில் பெரிய அதிசயம். அந்த புஷ் உருக்கி வார்த்தது இல்லை. செம்புத் தூள் சுமார் தொண்ணூறு பங்கு, வெள்ளீயத் தூள் பத்துப் பங்கு கலந்து அச்சில் அழுத்தி, உலையில் வேகவைத்தது. தூளுக்கு நடுவே இருக்கும் கண்ணுக்குத் தெரியாத இண்டு இடுக்கில்தான் எண்ணெய் ஊறி நிற்கிறது.

தம்பியின் டப்பாவில் இருந்த குண்டுக்கும் அதே இரண்டு உலோகம், ஏறத்தாழ அதே விகிதம். சமையலில்தான் வித்தியாசம்.

அச்சிலிருந்து அழுத்தி எடுத்த, இன்னும் சூளைக்குப் போகாத பாகத்தை இங்கே 'பச்சை' என்பார்கள். நம் ஊர்ச் செங்கல் சூளையிலும் சுடாத கல்லுக்குப் பச்சைக்கல் என்றுதான் பேர். முதல் நாள் சூப்பர்வைசர் அந்த வார்த்தையைச் சொன்னபோது எனக்கு விளக்கமே தேவைப்படவில்லை. மிக்ஸி புஷ்ஷை 800 டிகிரிக்கு மேல் வேகவிடுவார்கள். வெள்ளீயம் உருகிச் செம்புக்குள் கரைந்து முழு வெண்கலமாகிவிடும். அடித்தால் நசுங்குமே தவிர எளிதில் உடையாது. குண்டை அந்தப் பதம் வரை விடமாட்டார்கள். வெள்ளீயம் 232 டிகிரியிலேயே உருகும். உருகி, செம்புத் துகள்களுக்கு நடுவே ஒரு மெல்லிய, படக்கென்று முறியும் சேர்மமாக ஒட்டி நிற்கும்போதே இறக்கிவிடுவார்கள். துகள் செம்பு, பசை கண்ணாடி மாதிரி.

அந்தப் பதம் பிடிப்பதில் உள்ள திறமையை நான் உண்மையாகவே மதிக்கிறேன். 9 மி.மீ. தோட்டா வெடிக்கும்போது உள்ளே அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 35,000 பவுண்டு வரை போகலாம். அதையும் தாங்கி, குழலின் புரிகளில் இறுகிச் சுழன்று, முழுசாக வெளியே வந்து, எஃகுத் தகட்டைத் தொட்ட நொடியில் மட்டும் தூளாக வேண்டும். கொஞ்சம் வெந்தது அதிகமானால் உடையாது. கொஞ்சம் குறைந்தால் குழலுக்குள்ளேயே பிளக்கும்.

சனிக்கிழமை இரண்டரை மணி நேரம் வண்டி ஓட்டிப் போனபோது, தோட்டாவில் பொருத்தாத தனிக் குண்டுகள் நாலைந்து எடுத்துப் போயிருந்தேன். தம்பியின் கராஜில் பெஞ்சு வைஸ் இருந்தது. கண்ணாடி மாட்டிக்கொண்டு ஒரு குண்டை அதில் வைத்து, கைப்பிடியைத் திருகச் சொன்னேன். ஈயக் குண்டாக இருந்தால் வெண்ணெய் மாதிரி நசுங்கும். இது அசையவில்லை, இன்னும் கால் சுற்று திருகினான், 'டக்' என்று இரண்டாகப் பிளந்தது. பிளந்த முகத்தை விளக்கடியில் காட்டினேன். வழவழப்பே இல்லை. உடைத்த கருப்பட்டி எப்படி இருக்கும், அப்படிப் பொரபொரவென்று செந்நிறத் துகள். நகத்தால் சுரண்டினால் உதிர்ந்தது.

"அப்ப கடைக்காரரு சொன்னது சரிதானுங்ளே?" என்றான்.

"கருப்பட்டிய அம்மிக்கல்லுல ஓங்கிப் போட்டா என்ன ஆகும்?"

"சிதறும்."

"உழவு ஓட்டின சேத்து வயல்ல போட்டா?"

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். "முழுசா எறங்கிரும்."

விஷயம் மொத்தமும் இதில்தான் இருக்கிறது. நொறுங்குவது என்பது குண்டின் குணம் மட்டும் இல்லை. அது எதில் படுகிறது என்பதையும் பொறுத்தது. பயிற்சிக்காக விற்கும் சாதாரண செம்பு-வெள்ளீயக் குண்டு, தன்னைவிடக் கடினமான எஃகில் பட்டால்தான் தூளாகும். வீட்டின் உள்சுவர் எஃகு இல்லை. இங்கே அது அரை அங்குல ஜிப்சம் பலகை இரண்டு, நடுவே மூன்றரை அங்குல மரச்சட்டம், மிச்சம் காற்று. ஜிப்சத்தை நகத்தாலேயே கீறலாம். அது அந்தக் குண்டுக்குச் சேறு மாதிரிதான்.

நண்பர் ஒருவரின் பண்ணையில், பின்னால் பெரிய மண்மேடு இருக்கும் இடத்தில், முன்பே இதைச் செய்து பார்த்திருக்கிறேன். மரச்சட்டத்தில் ஜிப்சம் அடித்து இரண்டு சுவர், அதாவது நான்கு பலகை. அதற்குப் பின்னால் தண்ணீர் நிரப்பிய பால் கேன்கள். நொறுங்கும் குண்டு நான்கு பலகையிலும் பென்சில் விட்ட மாதிரி நேர்த்தியான ஓட்டை போட்டுப் போயிற்று. பின்னால் இருந்த முதல் கேனிலும் முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று என இரண்டு ஓட்டை. அந்தக் கேனிலிருந்து தண்ணீர் இரண்டு பக்கமும் பீய்ச்சுவதைப் பார்த்துக்கொண்டு நின்றபோது, இதை நம்பிக் குழந்தையைப் பக்கத்து அறையில் தூங்க வைத்திருப்பவர்களை நினைத்து எனக்கு வயிற்றைக் கலக்கியது. இப்போதும் எழுதும்போது கலக்குகிறது.

உடம்பிலும் இதே கதைதான். இந்தக் குண்டு விரிவதும் இல்லை, உடைவதும் இல்லை. முழுச்சட்டை போட்ட ஃபுல் மெட்டல் ஜாக்கெட் குண்டு போல ஊடுருவிப் போகும். தற்காப்புக்கு அது எதையும் கூடுதலாகத் தருவதில்லை. சுவருக்குப் பின்னால் இருப்பவரைக் காப்பாற்றுவதும் இல்லை.

குழப்பம் எங்கிருந்து வந்தது என்று யோசித்தால், இதே பேரில் வேறொரு வகையும் உலவுகிறது. உடம்பில் பட்டதும் உடைவதற்கென்றே செய்தது. அதில் மூத்தது கிளேசர் சேஃப்டி ஸ்லக். 1970களின் நடுவில், விமானத்துக்குள் சுட வேண்டி வந்தால் என்ன செய்வது என்ற பயத்தில் பிறந்தது. மெல்லிய செம்புக் கிண்ணம், அதற்குள் பறவை வேட்டைக்கான பொடிச் சில்லு, மேலே பிளாஸ்டிக் மூடி. நீலம், வெள்ளி என்று இரண்டு ரகம். நீலத்தில் 12ஆம் நம்பர் பொடிச் சில்லு, வெள்ளியில் அதைவிடப் பெரிய 6ஆம் நம்பர். 9 மி.மீ.யில் எடை 80 கிரெய்ன், அதாவது ஐந்து கிராமுக்குக் கொஞ்சம் மேல். ஈரமான பொருளில் பட்டதும் கிண்ணம் திறந்து சில்லு பரவிவிடும். பொடிச் சில்லுக்கு உந்துவிசை குறைவு. பெரும்பாலும் ஐந்தாறு அங்குலத்தில் நின்றுவிடும்.

ஆறு அங்குலம் போதாதா என்று கேட்கலாம். இதற்குப் பதில் 1986 ஏப்ரல் 11இல் மயாமியில் கிடைத்தது. வங்கிக் கொள்ளையர் இருவரை எஃப்.பி.ஐ. ஆட்கள் மடக்கினார்கள். சண்டை ஆரம்பத்திலேயே, மைக்கேல் பிளாட் என்ற கொள்ளையனின் கையை, மூக்கில் குழியோடு, பட்டதும் விரியும் 9 மி.மீ. ஹாலோ பாயின்ட் குண்டு ஒன்று துளைத்து நெஞ்சுக்குள் போனது. விரிய வேண்டிய அளவு விரிந்தது. ஆனால் இதயத்துக்குக் கொஞ்சம் முன்னால் நின்றுவிட்டது. அந்தக் காயத்தோடு அவன் தொடர்ந்து சுட்டான். ஜெர்ரி டவ், பென் குரோகன் என்ற இரண்டு அதிகாரிகள் உயிரிழந்தார்கள், ஐந்து பேர் காயப்பட்டார்கள். நேராக நெஞ்சைக் காட்டி யாரும் நிற்பதில்லை. கை குறுக்கே வரும், உடம்பு திரும்பியிருக்கும், மேலே தடித்த கோட்டு இருக்கும்.

அதற்குப் பிறகு எஃப்.பி.ஐ. அளவுகோலையே மாற்றியது. ராணுவ அறுவை மருத்துவர் மார்ட்டின் ஃபேக்லர் சான்ஃபிரான்சிஸ்கோவில் நடத்திய காயவியல் ஆய்வுகள் அதற்கு அடித்தளம். பத்து சதவீத ஜெலட்டின் கட்டி, 4 டிகிரி குளிரில். ஒரு சின்ன இரும்பு பிபி குண்டை விநாடிக்கு 180 மீட்டர் வேகத்தில் விட்டால் எட்டரை சென்டிமீட்டர் வாக்கில் போய் நிற்கிறதா என்று பார்த்து, கட்டி சரியான பதத்தில் இருக்கிறதா என்று உறுதி செய்வார்கள். பிறகு அசல் சோதனை. வெற்றுக் கட்டி, தடித்த துணி, ஜிப்சம், ஒட்டுப்பலகை, இரும்புத் தகடு, கார் கண்ணாடி என்று ஆறு விதமாகச் சுட்டு, குண்டு 12 அங்குலத்துக்குக் குறையாமலும் 18க்கு மிகாமலும் போக வேண்டும். கிளேசர் வகை இதில் பாதியில் நின்றுவிடுகிறது.

ஒரு நியாயத்தையும் சொல்ல வேண்டும். சுவர் தாண்டும் ஆபத்தைக் குறைப்பதில் கிளேசருக்கு ஒரு தர்க்கம் இருக்கிறது. செம்பு-வெள்ளீயக் குண்டுக்கு அதுவும் இல்லை. ஆனால் எனக்கு அதில் இன்னொரு தயக்கம். சின்னப் பொட்டலமாக, எண்ணி எண்ணி, தங்க விலைக்கு வரும். ஒரு தோட்டாவை நம்பி வீட்டில் வைக்கும் முன் உங்கள் துப்பாக்கியில் அதே தோட்டாவை நூறு தடவையாவது சுட்டுப் பார்த்திருக்க வேண்டும் என்பது என் கட்சி. இந்த விலையில் அதை யாரும் செய்வதில்லை. லேசான குண்டு, வழக்கத்துக்கு மாறான உந்துதல். சில துப்பாக்கிகளில் ஸ்லைடு முழுசாகப் பின்னால் போகாமல் சிக்கிக்கொள்ளும். எந்த நிமிஷத்தில் சிக்கக்கூடாதோ அந்த நிமிஷத்தில் தெரியவரும்.

மற்ற விசித்திரங்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். செம்புத் தூளையும் பிளாஸ்டிக்கையும் கலந்து அச்சில் ஊற்றிய ஏ.ஆர்.எக்ஸ்., முறுக்கின ஸ்க்ரூ மாதிரி பள்ளம் வைத்தது, பார்க்க அழகு. எஃகில் நொறுங்கும், உடம்பில் நொறுங்காது. ஜி2 ரிசர்ச் கொண்டுவந்த ஆர்.ஐ.பி., கிரீடம் மாதிரி எட்டு முள்ளோடு செம்பில் கடைந்தது; முள் பிரிந்து மேலோட்டமாக நிற்கும், அடித்தண்டு மட்டும் தனியாக உள்ளே போகும். உலோகத் தூளைச் செம்புச் சட்டைக்குள் அடைத்து வாய் திறந்து வைத்த ரகமும் உண்டு, அது உடம்பில் உடையும். ஆக, டப்பாவின் மேல் இருக்கும் அந்த ஒரு வார்த்தை நேர் எதிரான இரண்டு நடத்தைகளுக்குப் பொதுப்பேர். எதில் பட்டால் நொறுங்கும் என்று கேட்காமல் அந்த வார்த்தைக்குக் காசு கொடுக்கக்கூடாது.

இவ்வளவு சொன்னதால் இந்தக் குண்டு எனக்குப் பிடிக்காது என்று நினைத்துவிடாதீர்கள். பயிற்சி மைதானத்தில் இதற்கு ஈடு கிடையாது. ஈயக் குண்டால் எஃகுத் தகட்டைச் சுடும்போது குறைந்தது பத்து கஜம் தள்ளி நிற்கச் சொல்வார்கள். சிதறும் சட்டைத்துண்டு சவரக் கத்தி மாதிரி திரும்பி வரும். என் முன்கையிலேயே அரிசி அளவு தழும்பு ஒன்று இருக்கிறது. நல்ல நொறுங்கும் குண்டு தகட்டில் பட்டால் 'டிங்' என்ற சத்தமும் ஒரு சிட்டிகைத் தூளும்தான். போலீஸ்காரர்கள் அறைக்குள் நுழைந்து, கிட்டத்தில் நின்று பயிற்சி எடுப்பது இதனால்தான் சாத்தியமாகிறது. எவ்வளவு கிட்டத்தில் என்பதைத் தயாரிப்பாளர் சொன்னபடியே கேளுங்கள், கண்ணாடியைக் கழற்றாதீர்கள். மரத்தூணிலோ தரையிலோ பட்டால் இது உடையாமல் எகிறும், சேற்றையும் கருப்பட்டியையும் மறக்கவேண்டாம்.

இரண்டாவது காரணம் ஈயம். நம் வீட்டு ஈயச் சொம்பு, ரசம் வைப்பது, அது வெள்ளீயம். அதனால் கெடுதல் இல்லை. குண்டில் இருப்பது காரீயம். மூடிய அரங்கத்தில் சுடும்போது அது புகையாகவும் பொடியாகவும் மிதக்கும். சட்டையில், செருப்பில் ஒட்டி வீட்டுக்கு வரும். 2009இல் அமெரிக்கத் தொழில்நலத் துறை ஆய்வு நிறுவனமான நியோஷ் இதற்கென்றே ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. உடம்பு ஈயத்தைக் கால்சியம் என்று ஏமாந்து எலும்பில் சேர்த்து வைத்துக்கொள்ளும். பல வருஷம் அங்கேயே கிடக்கும். தவழும் குழந்தை உள்ள வீட்டில் அரங்கத்துச் செருப்போடு நுழைவதை நான் யாருக்கும் அனுமதிக்க மாட்டேன்.

இங்கேயும் ஒரு கண்ணி இருக்கிறது. குண்டில் ஈயம் இல்லை என்றால் தோட்டாவில் இல்லை என்று ஆகாது. அடியில் தீப்பொறி கொடுக்கும் பிரைமரில் பெரும்பாலும் ஈயச் சேர்மம்தான். முழுக்க ஈயம் வேண்டாம் என்றால் நச்சில்லாத பிரைமர் என்று டப்பாவில் தனியாக எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்.

தொழில்முறையாக இன்னும் இரண்டு விஷயம். 115 கிரெய்னுக்குப் பழகிய கையில் 100 கிரெய்ன் போட்டால் குறி கொஞ்சம் கீழே விழும். லேசான குண்டு வேகமாகக் குழலை விட்டுப் போகிறது, துப்பாக்கி மேலே எகிறுவதற்கு நேரம் கொடுக்காமல். பதற வேண்டாம். அடுத்தது, ஒரே தோட்டாவைத் திரும்பத் திரும்ப உள்ளே ஏற்றி இறக்காதீர்கள். மூக்கு ஒவ்வொரு தடவையும் சரிவில் மோதும். ஈயம் அதைப் பொறுத்துக்கொள்ளும், இது கழுத்தோரம் கீறல் விடும். கீறல் கண்ட தோட்டாவை நான் ஒதுக்கிவிடுவேன். வீட்டில் தினமும் ஏற்றி இறக்கும் துப்பாக்கிக்கு இந்தக் குண்டு ஆகாது என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

அன்று மத்தியானம் தம்பியும் நானும் வெளி மைதானம் ஒன்றுக்குப் போய் அந்த இருபதையும் எஃகுத் தகட்டில் சுட்டுத் தீர்த்தோம். வரும் வழியில், எஃப்.பி.ஐ. அளவுகோலில் தேறிய 147 கிரெய்ன் ஹாலோ பாயின்ட் வாங்கினான். "இதும் செவுத்தத் தாண்டுமுங்களா?" என்று கேட்டான். தாண்டும். நல்ல தற்காப்புக் குண்டு எதுவும் ஜிப்சத்தில் நிற்காது. வாய்க்குள் ஜிப்சம் அடைத்துக்கொண்டால் விரியாமல் இன்னும் தூரம் போகவும் செய்யும். "குண்டு பாத்துக்கும்னு விட்றாத கண்ணு, செவுத்த நாமதான் பாக்கோணும்" என்றேன்.

ராத்திரி குழந்தை தூங்கிய பிறகு டேப்பும் நூலும் எடுத்துக்கொண்டோம். அவன் படுக்கையறை வாசலில் அவனை நிற்க வைத்து, படிக்கட்டு வரை நூல் பிடித்தேன். அந்தக் கோட்டை நீட்டினால் வெளிச்சுவர், செங்கல். அது பரவாயில்லை. ஹால் பக்கம் பிடித்தால் நேராகப் பாப்பாவின் தொட்டில். இன்னொரு கோடு பக்கத்து வீட்டுக்காரர்களோடு பொதுவான சுவருக்குப் போனது. அந்தப் பக்கம் ஒரு வயசான தம்பதி படுப்பதாகத் தம்பி பெண்டாட்டி சொன்னாள். அந்த இரண்டு திசையிலும் சுடவே கூடாது என்று மூவரும் பேசி முடிவு செய்தோம். யாராவது புகுந்தால் அவள் குழந்தையை எடுத்துக்கொண்டு பெரிய அறைக்கு வந்து கதவைச் சாத்த வேண்டும், 911க்குப் பேச வேண்டும், அவன் கதவுக்கு உள்ளேயே நிற்க வேண்டும். துப்பாக்கி விரல்ரேகைப் பெட்டிக்குள் போனது.

பிறகு தொட்டிலின் திருகாணிகளைத் தளர்த்தி, குழந்தை எழாதபடி நாலு பக்கமும் ஆளுக்கொரு கை பிடித்து, செங்கல் சுவர் மூலைக்கு நகர்த்தினோம். ஜன்னல் காற்று படாமல் இருக்க அவள் ஒரு பழைய போர்வையை மடித்துச் செருகினாள்.